கா விட்டிருந்த அக்கா

கோரிமேட்டுப் பேருந்து நிறுத்தத்தில், மதிய வெயிலில், ஒரு நடுவயதுப் பெண் சின்னப் பிள்ளையைப் போல இடது கைச் சுண்டு விரலை நீட்டிக் காட்டியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அந்த விரலின் ஓரம் முழுக்க நீல மை. அவர் இடது கைக்காரர். எழுதிக்கொண்டு போகும்போது ஈர மையின் மேலேயே கை நகரும். சாயங்காலத்துக்குள் சுண்டு விரல் நீலமாகிவிடும். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து பஸ்களிலிருந்து எக்ஸ்ரே உறையும் சோற்றுத் தூக்குமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் விரலை நீட்டியபடி, "நான் சாமியோட கா, தம்பி" என்றார் அக்கா.

அவரும் நானும் அப்போது ஒரு சர்வே கம்பெனியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் இருந்தோம். என்னைப் போன்ற கூச்சக்காரன் எப்படி அந்த வேலைக்குப் போனான் என்று வீட்டிலேயே ஆச்சரியப்பட்டார்கள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவன் நான். ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. என்ன பேசுவது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. எல்லாம் தாளில் அச்சடித்திருக்கும். வணக்கத்திலிருந்து நன்றி வரைக்கும் யாரோ எனக்காக எழுதிக் கொடுத்திருந்தார்கள். படித்தால் போதும். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தாளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் போல.

இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். என் ஜோடி அக்கா. நெல்லித்தோப்பில் வீடு, வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். கணவர் தவறிவிட்டார், கல்லூரிக்குப் போகும் ஒரே மகள். எந்தக் கதவையும் திறக்க வைக்க அவருக்குத் தெரியும். "சர்வேன்னா? எங்க மனைய அளக்க வந்தீங்களா?" என்று ஒருவர் மிரண்டால், "மனைய இல்லைங்க, மனச அளக்க வந்திருக்கோம். டேப்பு வெக்க மாட்டோம், பயப்படாதீங்க" என்பார். அவர் பேசிச் சிரிக்க வைத்து நாற்காலி வாங்கிப் போட்டபின் நான் உட்கார்ந்து தாளைப் பிரிப்பேன். பதில்கள் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். அதை அவர்கள் கையில் கொடுத்து, ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

சோப்பு, டிவி, டீத்தூள் என்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு முறை கடவுள் வந்தார். எந்தெந்த ஊரில் எத்தனை பேருக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒரு தரம் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறார்கள், வீட்டில் வேண்டிக்கொள்வது உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டும். வெளியே போவதற்கு முன் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழக வேண்டும் என்பது வழக்கம். நான் அக்காவைக் கேட்டேன். வயசு, வீடு, வேலை எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் வந்தது. "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்று படித்தேன். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையில் இல்லாத, எங்கள் தாளில் மட்டும் இருக்கிற ஒரு பதில் உண்டு. அதைத்தான் சொன்னார். "பதில் சொல்ல மறுத்தார். அதப் போடு தம்பி." பழகுவதற்கான தாள்தானே, கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று நானும் அப்படியே சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடவுளைப் பற்றிக் கேட்பது சோப்பைப் பற்றிக் கேட்பது போல இல்லை என்பது முதல் தெருவிலேயே தெரிந்தது. லாஸ்பேட்டைக் குவார்ட்டர்ஸில் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர், "தினமும் காலையில பூஜை பண்ணாம வெளிய கால் வெக்க மாட்டேன்" என்று அட்டையில் முதல் பதிலை அழுத்தமாகத் தொட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "தினமும் குளிச்சாலே போதும்னு அந்தக் கடவுளே சொல்லிட்டாரு." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா சட்டென்று தண்ணீர் கேட்டுப் பேச்சை மாற்றினார். ஆனாலும் நான் 'தினமும்' என்றுதான் போட்டேன். அவர் சொன்னதைத்தானே போட முடியும்? இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் கடவுளே கிடையாது என்று ஆரம்பித்து, ஏன் கிடையாது என்பதை வாசல் வரை வந்து விளக்கினார். தெருமுனை திரும்பியதும் அக்கா சொன்னார்: "இந்த ஊர்ல சாமியப் பத்தி ஓயாம நெனச்சிகினு இருக்கிற ஒரே ஆளு இவருதான். பாவம், அவரப் போய் இல்லன்னு போட்டுட்ட."

பிறகு அந்த வீடு வந்தது. கோரிமேட்டுக்குப் பக்கத்தில், புதிதாகச் சுண்ணாம்பு கூட அடிக்காத சின்ன வீடு. தட்டாஞ்சாவடித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர், லீவு நாள் என்று வீட்டில் இருந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். கடந்த ஒரு வருஷத்தில் கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். "போகலைங்க." திருவிழா, பண்டிகை? "எதுவும் இல்லைங்க." பொங்கல்கூட? "வெக்கலைங்க." எனக்கு வேலை சுலபமாக முடிந்தது. 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று வரிசையாகச் சுழித்துக்கொண்டே போனேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு படத்துக்கு வாடாத மாலை. கீழே சின்ன விளக்கு.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"அம்மாங்க. இன்னும் தலைத் திவசம் வரல. அதான் கோயில் படி மிதிக்கக் கூடாதுன்னு இருக்கோம். இவளுக்குத்தான் வெள்ளிக்கிழமை ஆனா மனசு கேக்கறதில்ல, தெருக்கோடியில நின்னு கோபுரத்தப் பாத்துட்டு வந்துடறா" என்று மனைவியைக் காட்டினார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். சாமிக்கு அடங்கி, ஒரு வருஷமாகக் கோயில் பக்கம் போகாமல் மனசைக் கட்டிப்போட்டிருக்கிற குடும்பம் அது. என் தாளில் அவர்கள் கோயிலே வேண்டாம் என்கிற குடும்பம். ஓரத்தில் எழுதிவைக்க இடம் இல்லை. சாயங்காலம் சூப்பர்வைசரிடம் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். "புரியுதும்மா. ஆனா எல்லா ஊர்லயும் ஒரே கேள்விய ஒரே மாதிரி கேட்டாத்தான் கடைசியில கூட்ட முடியும். ஒவ்வொரு வீட்டுக் கதையையும் சேத்தா அது கதையாத்தான் இருக்கும், கணக்கா இருக்காது" என்றார். அதுவும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அக்கா விரலை நீட்டியது. நான் ஏதோ பேச வேண்டுமே என்று, "நீங்களும் கோயிலுக்குப் போறதில்லையேக்கா, உங்க வீட்டுலயும் தீட்டு மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன். தாளில் இல்லாத கேள்வியை நான் கேட்டதே அதிசயம். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "எங்களுக்கு அந்த மாதிரி தீட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கேதான் அவர் கணவர் கடைசி மாதங்களில் கிடந்தார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். "அந்த மரத்தடியில உக்காந்துகினு செபமால சொல்லாத நாளில்ல. வில்லியனூர் மாதாவுக்கு நடந்து வரேன்னு பொருத்தன வெச்சேன். கேட்டது ஒண்ணே ஒண்ணு தம்பி. வேற எதுவும் கேட்டதில்ல. அதக் குடுக்கல. அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே உன்கூடப் பேச்சு இல்ல, கா." சுண்டு விரல் நீண்டது. "அவரு மொதல்ல வந்து பேசட்டும். நான் பேச மாட்டேன்."

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எத்தனையோ முறை கா விட்டிருக்கிறோம். சுண்டு விரலை நீட்டினால் கா, பேச்சு இல்லை; ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து நீட்டினால் பழம், மறுபடி சேர்த்தி. கா விட்ட பையன் எந்த பெஞ்சில் இருக்கிறான், யாரோடு சிரிக்கிறான் என்று நாள் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்போம். பழம் விட்ட பையன்களைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. அக்காவும் அப்படித்தான் இருந்தார். பஸ்ஸில் மாதா கோயிலைக் கடக்கும்போது வேதக்காரர்கள் எல்லோரும் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அக்கா மட்டும் வெடுக்கென்று எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பார். தூங்கிக்கொண்டு வந்தாலும் அந்த இடம் வந்ததும் கண் விழித்து முகத்தைத் திருப்புவார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், இல்லை, சொல்லத் தெரியவில்லை. அக்காவை எதில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி வரும் வரையில் எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. மாப்பிள்ளை பிரான்சில் வேலை பார்க்கிற பையன். கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் போய்விடுவாள். ஒரு நாள் நான் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு உதவி. அம்மா கல்யாணத்துக்குக் கோயில் வாசல் வரைக்கும்தான் வருவேங்கறாங்க. உள்ள வர மாட்டாங்களாம். எங்க கோயில் சாமியாரே வந்து சொல்லிப் பாத்துட்டாரு. பெரியப்பா சண்டயே போட்டுட்டாரு. நீங்க கொஞ்சம் பேசுங்க."

"நானா? நான்தான் பேசவே மாட்டேனேம்மா."

"அதனாலதான் மாமா. பேசறவங்க எல்லாரும் பேசிட்டாங்க." அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் ஹெல்மெட்டின் வாரை முறுக்க ஆரம்பித்தாள். "அப்பாவும் இல்ல. திரும்பிப் பாத்தா பொண்ணு வீட்டு வரிசையில அம்மாவாவது இருக்க வேணாமா? அப்புறம் நான் எங்கயோ போயிடப் போறேன்."

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டு நம்பிக்கையில் நான் யார் தலையிட? அதுவும் வேறு வேதத்துக்காரன். ஆனால் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கப் போகிற காலி இடம் என்னை விடவில்லை. கடைசியில் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடும்போது, கையில் வெறும் அட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே குரலில் ஆரம்பித்தேன். "வணக்கம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் உங்கள் மகளின் திருமணத்துக்கு நீங்கள் கோயிலுக்குள் வருவீர்களா? ஒன்று, கண்டிப்பாக வருவேன். இரண்டு, வரலாம். மூன்று, வர மாட்டேன். நான்கு, சொல்லத் தெரியவில்லை."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் கண் ஈரமாக இருந்தது. "அவ அனுப்பினாளா?" என்றார். "போடு. பதில் சொல்ல மறுத்தார்."

கல்யாணத்தன்று நான் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கோயில் வாசலில் அக்கா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார், படிக்கு வெளியே. பெரியப்பா கையைப் பிடித்துப் பெண் உள்ளே போனாள். போகும்போது அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஆர்மோனியத்தோடு பாட்டு ஆரம்பித்தது. வாசலில் நானும் அக்காவும் மட்டும்.

"நீ ஏன் நிக்கற? போ உள்ள" என்றார்.

"நான் போகலக்கா. எனக்கு எப்ப எழுந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னு தெரியாது. எல்லாரும் உக்காரும்போது நான் மட்டும் நின்னுட்டா?"

நான் தந்திரம் எதுவும் செய்யவில்லை. இதை அப்போதும் யாரும் நம்பவில்லை, இப்போதும் நம்புவதில்லை. அந்தப் பெரிய கூட்டத்துக்கு நடுவில் தப்பாக நின்று தொலைத்துவிடுவேனோ என்ற பயம் ஒன்றுதான் எனக்கு.

"முன்னாடி இருக்கறவனப் பாத்து செய்."

"அவரும் என்ன மாதிரி ஆளா இருந்துட்டா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே பார்த்தார். முன் வரிசையில் பெண் வீட்டுப் பக்கம் ஓரிடம் காலியாக இருந்தது. "பெரிய ரோதனயா போச்சு உன்னோட. வா, கடேசி பெஞ்சு. நான் சொல்றப்ப எழுந்திரி, சொல்றப்ப உக்காரு. பூசை முடியற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்று என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்ற மறந்து, பாதி வழியில் நினைவு வந்து, என்னை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கழற்றிவைத்துவிட்டு வந்தார்.

"எழுந்திரி." எழுந்தேன். "உக்காரு." உட்கார்ந்தேன். மணி அடித்தபோது எல்லோரும் முட்டி போட்டார்கள். "நீ போட வேணாம், சும்மா உக்காந்துக்க" என்றவர், தான் முட்டி போட்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தார் போல. பழகிய முட்டி தானாக மடிந்துவிட்டது. கோபமாக என்னைப் பார்த்தார், நான்தான் மடக்கிவிட்டேன் என்பது போல. ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் பெண் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். காலி இடத்தைத் தாண்டி, வரிசை வரிசையாக அவள் பார்வை பின்னால் வந்தது. கடைசி பெஞ்சில் வந்து நின்றது. முக்காட்டுத் துணிக்குள் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை எழுத எனக்கு வார்த்தை போதாது.

கொஞ்ச நேரம் கழித்து, சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பக்கத்தில் இருப்பவர்களைக் கும்பிட்டார்கள். நானும் அக்காவைக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சின் முதுகுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் பீடத்தைப் பார்த்து நீண்டிருந்தது. நடு விரல் மடங்கியே இருந்தது.

"என்னக்கா, ஒரு விரல்?" என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"அரைப் பழம்" என்றார் உதடு அசையாமல். "வந்தது பொண்ணுக்காக. மீதிய அவரு வந்து கேட்டு வாங்கட்டும்." நன்மை என்று சாமியார் கொடுக்கும் அப்பத்தை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். அக்கா போகவில்லை. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது மட்டும் முன்னால் போனார். அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அலங்காரம் செய்துவிட்ட பெண்மணி, புடவை கசங்குகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கம்பெனி எங்கள் ஊரை விட்டுப் போனது. எனக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஸ்டோர் வேலை கிடைத்தது. பேத்தி பிறந்ததும் அக்கா மகளிடம் பிரான்சுக்கே போய்விட்டார். நாங்கள் எடுத்த அந்தச் சர்வேயின் முடிவு எப்போது, எங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாட்டில் நூற்றுக்கு இத்தனை பேருக்குக் கடவுள் நம்பிக்கை என்று எப்போது பேப்பரில் பார்த்தாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் போல யாரோ வெயிலில் நடந்து கேட்டு வந்ததுதானே? அந்த எண்ணுக்குள் தெருக்கோடியில் நின்று கோபுரத்தைப் பார்த்த பெண் எந்தப் பக்கம் விழுந்திருப்பார், தினமும் பூஜை செய்வதாகச் சொன்னவர் எந்தப் பக்கம் என்று தேடுவேன்.

போன மாதம் ஒரு சின்னப் பெண் கையில் டேப்லெட்டோடு எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். என்னைப் போலவே கூச்சக்காரி. எழுதியிருப்பதை ஒரே மூச்சில் படித்தாள். பத்துப் பன்னிரண்டு கேள்விக்கு அப்புறம் அது வந்தது. "சார், உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" திரையை என் பக்கம் திருப்பினாள். அதே மூன்று பதில்கள். 'ஆமாம்' என்பதைத் தொட்டேன். அது பொய் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. கம்பளிச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, அடுப்படியில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். சர்வேக்கு வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அட்டையில கா சேத்துட்டானுங்களா?"

"இல்லக்கா. அட்டையே இல்ல இப்ப. எல்லாம் டேப்லெட்டு."

"டேப்லெட்டுலயும் சேக்கலையா? என்னத்த படிச்சானுங்களோ."

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் தாளில் இல்லாமல் நான் அவரிடம் கேட்ட மூன்றாவது கேள்வி அது. "நீங்க இப்ப எப்படிக்கா? அரையிலேயே நிக்குதா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, இடது கையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சுண்டு விரலில் இப்போது மை இல்லை, வெளுத்திருந்தது. ஆள்காட்டி விரல் நேராக நின்றது. அதற்குப் பக்கத்தில் நடு விரல் எழுந்தது. பாதி தூரம் வந்து, மேலே போக முடியாமல் வளைந்து நின்றது. வலது கையால் அதைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் மறுபடி வளைந்துகொண்டது.

"முழுசா நீட்ட வரல தம்பி, மூட்டு வலி. இந்தக் குளிருக்கு இவ்ளோதான்" என்றார். "நீ நீட்டினதாவே போட்டுக்க."